கடைசியாக என்ன செய்தீர்கள்

சனிக்கிழமை காலைகளில் நான் காயங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மைசூருக்கு வெளியே ஒரு தனியார் மனநலக் காப்பகம். அதன் ஆண்கள் வார்டில் வாரம் ஒருமுறை தலைக்குக் குளியல். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். அரை டவுசரோடு வரிசையில் வருகிறவர்களை நர்ஸம்மா ஒவ்வொருவராகத் திருப்பிக் காட்டுவார். அன்று பட்ட அடி சிவந்திருக்கும். இரண்டு மூன்று நாள் ஆனது கருநீலமாக இருக்கும். வாரம் ஆனது மஞ்சளாக வெளிறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு போடுவேன். முதல் சனிக்கிழமை முப்பதாவது கோட்டுக்குப் பிறகு எழுந்து போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்து முப்பத்தொன்றாவது கோட்டைப் போட்டேன்.

இது என் வேலை இல்லை. என் வேலை தேர்வு வைப்பது. உளவியல் படித்துவிட்டு, ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அபார்ட்மெண்ட் கேட்டுக்கு, மாலுக்கு, கல்யாண மண்டபத்துக்கு, ஆஸ்பத்திரி வாசலுக்கு, தசரா கூட்டத்துக்கு என்று நாங்கள் ஆள் அனுப்பினோம். இந்தக் காப்பகத்து வார்டு அட்டெண்டர்களும் எங்கள் ஆட்கள்தான். ஒருநாள் எங்கள் கேட் காவலர் ஒருவர், பார்சல் கொண்டுவந்தவனை இரும்புக் கம்பியால் தலையில் அடித்து மண்டையைப் பிளந்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம் இன்னொரு கேட்டில் திருடர்கள் வந்தபோது எங்கள் ஆள் செருப்பைக் கூட விட்டுவிட்டு ஓடிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், மூன்று தலைமுறையாக மைசூர், பேச்சில் பாதி கன்னடம்.

"நோடும்மா, ஒருத்தன் கொல்றான், ஒருத்தன் ஓடறான். சரியான ஆளப் பொறுக்கறதுக்கு ஒரு டெஸ்ட் பண்ணிக் குடு. வேலைக்கு ஒண்ணுன்னு ஆறு டெஸ்ட் பேடா, ஒண்ணு போதும். எல்லாம் ஒரே மாதிரி வேலைதானே."

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. எங்கள் துறையில் அதற்கு வழி உண்டு. ஒரு வேலையில் பத்துப் பேர்தான் இருந்தால், தேர்வு அங்கே சரியாக ஆள் பொறுக்குகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியாது. ஆள் போதாது. அதனால் ஒன்றுக்கொன்று உறவான வேலைகளை ஒரு குடும்பமாகச் சேர்ப்போம். ஆள் நிறைய இருக்கும் வேலையில் தேர்வு சரி என்று தெரிந்தால், ஆள் குறைந்த வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வேலைகள் உண்மையிலேயே உறவுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். ஒவ்வொரு வேலையிலும் ஆள் என்னென்ன செய்கிறார் என்று பட்டியல் எடுத்தேன். நிற்பது, கண்காணிப்பது, சாவி வைத்திருப்பது, வெளியே போகிறவரைத் தடுப்பது, சம்பவப் பதிவேட்டில் எழுதுவது. கேட் காவலரின் பட்டியலும் வார்டு அட்டெண்டரின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. உள்ளே பூட்டி வைத்தவனைத் தடுப்பதும் வெளியே இருந்து வருகிறவனைத் தடுப்பதும் என் பட்டியலில் ஒரே வரி.

கேள்விகளை நானே தமிழிலும் கன்னடத்திலும் எழுதினேன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் மகாத்மா ஆகிவிடுவார்கள். நான் 'கடைசியாக என்ன செய்தீர்கள்' என்று கேட்டேன். ஒருவர் உங்களை நோக்கிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார், கடைசியாக நடந்தபோது என்ன செய்தீர்கள். ஒருவர் நகர மறுத்தார், கடைசியாக என்ன செய்தீர்கள். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்; சில கேள்விகளுக்கு மார்க் கூட, மொத்தம் முப்பது. எந்த விடைக்கு மதிப்பெண் என்று நான் முடிவு செய்யவில்லை. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆட்களை எழுத வைத்தேன். அவர்களுக்கு அவரவர் சூப்பர்வைசர் தனியாக மார்க் போட்டார். நல்ல மார்க் வாங்கியவர்கள் எந்த விடையைத் தேர்ந்தார்களோ அதுவே சரியான விடை ஆயிற்று. என் விருப்புவெறுப்புக்கு அதில் இடமே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். பாத்திரம் கழுவும் பக்கம், குடித்துவிட்டு வந்த விருந்தாளி ஒருவரை எங்கள் ஆள் ஒருவர் சுவரோடு சாய்த்து வைத்து அடித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு அடி. எச்சில் இலைகளுக்கு நடுவே ஒரு பல் கிடந்தது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும், உள்ளே நாதஸ்வரத்துக்கு மேல் சத்தம் கேட்டதா மேடம் என்று கன்னடத்தில் கேட்டார். கேட்கவில்லை. அந்த ஆளுக்கு அவர் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். என் தேர்வில் அதே ஆள் முப்பதுக்கு இருபத்தேழு. இரண்டும் ஒத்துப்போனதைப் பார்த்து அன்று மாலை நான் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு உரிமை இல்லை.

என் கோபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நசுங்காத எவர்சில்வர் டம்ளர் குறைவு. காலேஜ் படிக்கும்போது பஸ்ஸில் என் மேல் கை வைத்த ஒருவனின் மூக்கை டிபன் பாக்ஸால் உடைத்திருக்கிறேன். அதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. தேர்வு தயாரானதும் விளையாட்டாக நானே எழுதிப் பார்த்தேன். இருபத்து நான்கு வந்தது. சிரித்துக்கொண்டேன். பதினெட்டுக்குக் கீழே வாங்கினால் வேலை இல்லை என்று கோடு கிழித்து, இந்தத் தேர்வு அந்த வேலைக் குடும்பத்திலுள்ள எல்லா வேலைகளுக்கும் பொருந்தும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்து காய்வதற்குள் அந்தக் காப்பகத்து அட்டெண்டர் ஒருவர் ஒன்பது வாங்கினார்.

அவர் கோபிநத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். நாற்பதுக்குப் பக்கத்தில் வயது, மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் பேனா. எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில் தங்கித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கன்னடம் நன்றாகப் பேசுவார், எழுத வராது. வார்டில் கட்டிலில் இருந்த ஒருவர் அவருடைய அண்ணன். அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே புத்தி பேதலித்துவிட்டது. ஒருநாள் அரிவாளை எடுத்துப் பக்கத்து நிலத்துக்காரரின் தோளில் வெட்டிவிட்டார். ஊர்க்காரர்கள் அண்ணனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டிக் கல்லால் அடித்தார்கள். இடுப்பெலும்பு போயிற்று. தம்பி தோளில் போட்டுக்கொண்டு கொள்ளேகால் பஸ் ஏறியவர்தான், மைசூர் வந்து சேர்ந்தார். இவர் வார்டில் வேலை பார்க்கும்வரை அண்ணனுக்கு ஒரு கட்டில் என்று காப்பகத்தில் பேச்சு.

"மறுக்கா ஊருக்குள்ள கூட்டியாந்தா பொணமாத்தான் போவான்னு சொல்லிப்போட்டாங்க மேடம்" என்றார் என்னிடம். "என்ற வேலை போச்சுன்னா அவன எங்கீங்க கொண்டு போயி வெக்கறது?"

"ஒன்பது வாங்கியிருக்கீங்களே. அடிக்க வர்றவனைக் கடைசியா என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, உட்கார்ந்துட்டேன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. நாம உக்காந்தா அவியளும் செத்த நேரத்துல உக்காந்துக்குவாங்க. கடிச்சாலும் கையை இழுக்கக் கூடாதுங்க. இழுத்தாத்தான் சதை போகும்."

கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பல் பதிந்த தழும்புகள். இந்த ஆள் தேறமாட்டார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வார்டு சூப்பர்வைசரும் அவருக்கு மிகக் குறைந்த மார்க் போட்டிருந்தார். காரணம் கேட்டபோது சம்பவப் பதிவேட்டைத் தூக்கி என் முன் போட்டார். மற்றவர்கள் பொறுப்பில் இருந்த நாட்களில் பக்கம் காலி. இவருடைய நாட்களில் பக்கம் பக்கமாகக் கிறுக்கல். இவன் கட்டில் வரிசையில்தான் தினமும் தகராறு, பாருங்கள், என்றார். எல்லாம் தமிழில் இருந்தது. அந்த வார்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவரைத் தவிர யாருமில்லை. சூப்பர்வைசர் வரிகளை எண்ணி மார்க் போட்டிருக்கிறார்.

நான் படித்தேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, பிறகு உட்கார்ந்தேன்.

'காலை 7.20. மூன்றாம் கட்டில் தட்டை எறிந்தார். என் நெற்றியில் பட்டது. ரத்தம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். 7.50க்கு இட்லி சாப்பிட்டார்.' 'பகல் 2. பக்கத்து வரிசை அட்டெண்டர் சோப்புக் கட்டியை ஈரத் துண்டில் சுற்றி ஐந்தாம் கட்டிலை அடித்தார். பதினொரு அடி எண்ணினேன். நடுவில் போனேன், எனக்கு இரண்டு.' 'மாலை 4. எட்டாம் கட்டிலைச் சாவிக்கொத்தால் வாயில் குத்தினார்கள். பல் இரண்டு. சூப்பர்வைசரிடம் சொன்னேன். சரி என்றார்.' 'காலை 6. அண்ணன் இந்த வாரம் என் வரிசையில் இல்லை. முதுகில் பெல்ட் தடம் ஆறு. யாரென்று கேட்டால் சிரிக்கிறான்.' இப்படி மூன்று வருடம். ஒரு வசவு இல்லை, ஒரு புலம்பல் இல்லை. நடந்தது மட்டும்.

பதிவேட்டை மூடினேன். கேட்டிலும் மண்டபத்திலும் வார்டிலும் சூப்பர்வைசர்கள் மார்க் போட்டது ஒரே காரியத்துக்குத்தான். சத்தம் மேலே வரக் கூடாது. யார் வாயைச் சீக்கிரம் அடைக்கிறானோ அவன் நல்ல வேலைக்காரன். என் தேர்வு அவனைத் துல்லியமாகக் கண்டுபிடித்தது. அந்த வகையில் தேர்வில் ஒரு பிழையும் இல்லை.

சூப்பர்வைசர் மார்க்கை நம்ப முடியாது என்றால் வேறு எதை வைத்து நல்ல அட்டெண்டரை அளப்பது? அப்படித்தான் குளியல் திட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அட்டெண்டர்களுக்கு ஞாயிறுதோறும் கட்டில் வரிசை மாறும். அதனால் நிறத்தை வைத்து ஒரு காயம் எந்த வாரம், யார் பொறுப்பில் பட்டது என்று தெரியும். நான்கு சனிக்கிழமைகள் எண்ணினேன். காயங்கள் கட்டிலோடு தங்கவில்லை, ஆளோடு வரிசை மாறின. என் தேர்வில் இருபத்தாறு வாங்கியவர் எந்த வரிசைக்குப் போனாலும் அந்த வரிசை கருநீலம் ஆயிற்று. ஒன்பது வாங்கியவரின் வரிசையில் நான்கு வாரமும் ஒரு கோடு கூட இல்லை. அவர் வரிசையில் குளிக்கிறவர்கள் மட்டும் தலையைக் குனிந்து கொடுத்தார்கள். மற்றவர்கள் சொம்பு உயர்ந்தாலே கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

அவருடைய அண்ணனை அங்கேதான் முதலில் பார்த்தேன். பெரிய உடம்பு, ஒரு காலை இழுத்து நடப்பார். இரண்டு வாரம் முதுகு முழுக்கத் தடம். தம்பியின் வரிசைக்கு வந்த வாரம் தண்ணீரை வாயில் நிறைத்துத் தம்பி முகத்தில் துப்பிச் சிரித்தார். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சொம்பை ஊற்றினார்.

தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். இந்தத் தேர்வு வார்டுக்குப் பொருந்தாது, அங்கே தலைகீழாக வேலை செய்கிறது, அந்தப் பதினெட்டு மார்க் கோட்டை அழித்துவிடுங்கள் என்றேன். முதலாளி தாளைப் பார்த்தார்.

"காப்பகத்துக்காரங்க கம்ப்ளெய்ண்ட் எதும் குடுத்தாங்களாம்மா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? எல்லா வேலைக்கும் பொருந்தும்னு எழுதினது யாரு, நானா? கையெழுத்து உன்துதானே. ஹோகலி பிடும்மா, விட்டுத் தள்ளு. ஒரு அட்டெண்டருக்காக இத மாத்தினா, நாளைக்கு எல்லாக் கேட்டுலயும் வேலை கிடைக்காதவன் டெஸ்ட் தப்புன்னு கேஸ் போடுவான்."

சூப்பர்வைசர் கன்னடத்தில், பைத்தியங்களின் உடம்பில் தடம் இருப்பது சகஜம், அதுகளே சுவரில் முட்டிக்கொள்ளும், என்றார். 'அதுகள்' என்று சொன்னபோது மேஜை மேல் இருந்த தாள் ஓட்டை போடும் இரும்பு மெஷின் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. எறிந்தது தெரியும். அவர் புருவம் பிளந்து என் கோடுகளின் மேல் ரத்தம் சொட்டியது. எனக்குள் குளுகுளுவென்று இருந்தது, அந்த மூக்கை உடைத்த நாள் போலவே.

முதலாளிதான் கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அந்த ஆளுக்கு இன்னொரு வாட்டி டெஸ்ட் வை. பதினெட்டு வாங்கினா இருக்கட்டும். இல்லாட்டி மாசக் கடைசியில போகட்டும்" என்றார். சூப்பர்வைசர் போலீசுக்குப் போகாமல் இருப்பதற்கு நான் வாய் மூடிக்கொள்வது விலை என்பது சொல்லாமலே புரிந்தது. மூடிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் என்னை ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பதிவேட்டில் புதிதாக ஒரு குறிப்பு இருந்தது. 'பகல் 3.10. துணி வைக்கும் அறை. என்னை மூன்று பேர் அடித்தார்கள். காயம் எண்ண அவளை ஏன் கூட்டி வந்தாய் என்று கேட்டார்கள். விழுந்த பிறகும் உதைத்தார்கள். 3.30க்கு வார்டுக்குத் திரும்பினேன்.' நேரில் பார்த்தபோது இடது கண் மூடியிருந்தது. மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் அவரைக் காப்பகத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்குக் கூப்பிட்டேன். என் துறையில் யாரும் செய்யக் கூடாததைச் செய்தேன். கேள்வித்தாளை விரித்து, எந்தெந்த விடைக்கு மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலாவது கேள்விக்குக் கையைப் பிடித்து முறுக்கினேன் என்று போடுங்கள். ஏழாவதுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டுக்கு அறைந்தேன். பத்தொன்பதுக்குத் தனியாகப் போட்டுப் பூட்டினேன். இதற்கெல்லாம் மார்க் கூட. இவை நாலும் சரியாக இருந்து, சில்லறைக் கேள்விகளையும் பார்த்துப் போட்டால் தாண்டிவிடலாம்.

அவர் தாளை வெகுநேரம் படித்தார்.

"கடைசியா என்ன செஞ்சீங்கன்னு கேட்டிருக்குதுங்களே."

"ஆமா."

"நா இதெதுவும் செய்யலீங்க."

"தெரியும். ஆனா அப்படி எழுதுங்க."

"நடக்காததையெல்லாம் எப்படீங்க எழுதறது? மூணு வருசமா அந்த ரிஜிஸ்டர்ல ஒரு வரி பொய்யி எழுதல. எழுதியிருந்தா நீங்க படிச்சிருக்கவே மாட்டீங்க."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் என் தொழில் தர்மத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இவர் நேர்மை பேசுகிறார். அவர் வீங்கிய கண்ணைப் பார்த்தும் என் குரல் இறங்கவில்லை.

"உங்கண்ணனுக்காக ஒரு பொய் எழுதக் கூடாதா? அவரைக் கம்பத்துல கட்டிக் கல்லால அடிச்சதை மறந்துட்டீங்களா? எழுத மனசு வரலன்னா அதையெல்லாம் செஞ்சுட்டாவது வந்து எழுதுங்க. எனக்கு வெள்ளிக்கிழமை பதினெட்டு வேணும்."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அட்டெண்டர் தாளை நான்காக மடித்துப் பேனாவுக்குப் பின்னால் பையில் வைத்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்து எழுதினார். நிதானமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். இருபது. திருத்தி முடித்ததும் கூட்டல் சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன். கடைசியில் மனசு இறங்கிப் பொய் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பாத்தியா, உன் டெஸ்ட் நல்லாத்தான் இருக்கு" என்றார். கோபம் கூட வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பூ வாங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. எண்ண வேண்டிய அவசியம் இனி இல்லை. பழக்கத்தில் போனேன், அவரிடம் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று. அந்த வாரம் அண்ணன் தம்பியின் வரிசையில் இருந்தார். தம்பி சொம்பைத் தூக்கினார். அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். நர்ஸம்மா அவரை மெல்லத் திருப்பினார்.

வலது மணிக்கட்டில் விரல்கள் முறுக்கிய தடம். நாலாவது கேள்வி. இரண்டு முழங்காலிலும் சிமெண்டுத் தரையில் தேய்ந்த சிராய்ப்பு. ஏழாவது. இடது கன்னத்தில் நான்கு விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. பன்னிரண்டாவது. கைகளின் அடிப்பக்கம் கதவைக் குத்திக் குத்திக் கன்றியிருந்தது, அது பத்தொன்பதாவது. நான் எழுதிய வரிசையிலேயே நான் எழுதிய தேர்வு அந்த உடம்பில் இருந்தது. என்னால் படிக்காமல் இருக்க முடியவில்லை.

எழுந்து தம்பியின் பக்கத்தில் போனேன். "யாரு?" என்று கேட்டேன். கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாந்தானுங்க. வியாழக்கிழமை."

"ஏன்?"

"நீங்க சொன்னீங்கல்லங்க. வேற வழி தெரியலீங்க மேடம். அடுத்தவிய புள்ளை மேல கை வெக்க எனக்கு என்னங்க உரிமை? இவன்னா என்ற அண்ணன்." சொம்பைக் கீழே வைத்தார். "முதல்ல வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சான். கன்னத்துல விழுந்ததுக்கு அப்புறந்தான் அழுதான். நேத்து நா எழுதுனது எல்லாம் நெசந்தானுங்க."

நான் அவரை அறைந்திருப்பேன். கை உயர்ந்துவிட்டது. சுவரோடு ஒட்டியிருந்த அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, முகத்தை மறைத்திருந்த கைகளை எடுத்தார். காலை இழுத்துக்கொண்டு வந்து தம்பிக்கு முன்னால் நின்றுகொண்டார். என் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு இறக்கிக்கொண்டேன்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து தாளை எடுத்தேன். நான்கு வாரமாகக் காலியாக இருந்த அவர் பெயருக்கு நேரே நான்கு கோடுகள் போட்டேன். பிறகு நர்ஸம்மா மேஜையிலிருந்த பதிவேட்டைத் திறந்தேன். வியாழக்கிழமைப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார். 'மாலை 5. அண்ணன் சத்தம் போடவில்லை. நான் கையை முறுக்கினேன். இழுத்தேன். அறைந்தேன். பூட்டினேன். 5.25க்குத் திறந்தேன்.' நேரம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அவருடைய பேனாவையே கேட்டு வாங்கி, அதற்குக் கீழே, 'செய்யச் சொன்னது நான்' என்று தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டேன். அந்த வார்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.